சொந்தக் கோப்பையே திறக்க விடாத சர்வர்: பயனர் எண்களைப் பொருத்துவது எப்படி

ஒரு அலுவலகத்தில் நாஸ் பெட்டி, அதாவது பல கணினிகள் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பு சர்வர், ஒன்றை வாங்கி வைத்து, இருக்கிற கணினிகளையெல்லாம் அதில் இணைத்துவிட்டால் சில வாரங்களுக்குள் ஒரு புகார் வந்தே தீரும். "நான் போட்டு வச்ச ஃபைல், எனக்கே சேவ் ஆக மாட்டேங்குது." முதலில் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்ப்பார்கள். பிறகு பெட்டியை அணைத்துப் போடுவார்கள். ஒன்றும் மாறாது. அப்புறம் விஷயம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து எல்லா ஃபோல்டருக்கும் 777 என்ற முழு அனுமதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். புகார் அன்றோடு நின்றுவிடும். சம்பளக் கணக்கை யார் வேண்டுமானாலும் திறக்கலாம், அழிக்கலாம் என்ற நிலையும் அன்றே தொடங்கிவிடும்.

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணங்களில் இது நிறையவே நடக்கிறது. மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் சூழ்ந்த ஊர். இங்குள்ள அச்சகம், கணக்காளர் அலுவலகம், கடன் சங்கம், கோயில் நிர்வாகம் போன்ற சிறிய இடங்களில் கணினிக்கென்று தனி ஆள் வைக்க முடியாது. தெரிந்த பையன் ஒருவன் வந்து போட்டுக் கொடுப்பான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை சாதாரணத் தாள்கள் இல்லை. கடன் கேட்டு வந்தவரின் ஐசி (அடையாள அட்டை) நகல், சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்தவர் ஒருவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவை. வணிக நடவடிக்கைகளில் வாங்கிவைக்கும் இப்படிப்பட்ட விவரங்களைப் பாதுகாப்பது சட்டப்படியும் கடமை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்துவிட்டது. அதனால்தான் 777 போட்டுவிட்டுக் கிளம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் புரிந்துவிட்டால் ஒழுங்காகச் சரிசெய்வது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

லினக்ஸ், மேக், நாஸ் பெட்டி எல்லாம் யூனிக்ஸ் முறைப்படி இயங்குபவை. அந்த முறையில் ஒரு கோப்பு யாருடையது என்பது வட்டில் பெயராக எழுதப்படுவதில்லை, எண்ணாகத்தான் எழுதப்படுகிறது. பயனருக்கு ஓர் எண், அது யூஐடி. குழுவுக்கு ஓர் எண், அது ஜிஐடி. ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது கணினி அந்த எண்ணைத் தன்னிடம் உள்ள பயனர் பட்டியலில் தேடி, அதற்கு நேரே இருக்கும் பெயரை நமக்குக் காட்டுகிறது. பட்டியலில் அந்த எண் இல்லையென்றால் வெறும் எண்ணையே காட்டிவிடும். ஒரே கணினிக்குள் இருக்கும்வரை இதில் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு வட்டைப் பல கணினிகள் பகிரும்போதுதான், ஒவ்வொன்றும் தன் தன் பட்டியலை வைத்துக்கொண்டு அதே எண்ணுக்கு வேறு வேறு அர்த்தம் சொல்ல ஆரம்பிக்கிறது.

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். முன்மேசையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்ட பழைய கணினி. அதில் லெட்சுமி என்பவர் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் ஆர்டர்களை எழுதுகிறார். உள்ளறையில் இன்னொரு உபுண்டு கணினி. அங்கே குமார் கணக்குப் பார்க்கிறார். வடிவமைப்புக்கு ஒரு மேக், அதிலும் லெட்சுமிதான் உட்காருவார். முதலாளியிடம் விண்டோஸ் மடிக்கணினி. மூலையில் சினாலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டி. உபுண்டுவை நிறுவும்போது உண்டாகும் முதல் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும். ஆக முன்மேசையில் லெட்சுமி 1000, உள்ளறையில் குமாரும் 1000. மேக்கில் முதல் பயனர் 501, அவருடைய குழு 20. சினாலஜியில் நாம் சேர்க்கும் முதல் பயனர் 1026, குழு 100. விண்டோஸில் இப்படிச் சின்ன எண்ணே கிடையாது. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான அடையாளம், எஸ்ஐடி என்பார்கள். ஆக லெட்சுமி ஒருவரே மூன்று இடத்தில் மூன்று எண்ணில் இருக்கிறார். லெட்சுமியும் குமாரும் இரண்டு பேர், ஆனால் ஒரே எண்.

பழைய தோட்டக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இரண்டு டிவிஷனிலும் செக்ரோல் (வேலையாட்களின் எண் பட்டியல்) ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று வையுங்கள். மேல் டிவிஷன் 12 ஒருவர், கீழ் டிவிஷன் 12 வேறொருவர். பால் நிறுக்கும் இடத்தில் கிராணி (கணக்கெழுதுபவர்) டிவிஷனைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் ஒருவர் வெட்டிய பாலுக்கு இன்னொருவர் சம்பளம் வாங்கிப் போவார். பகிர்வு சர்வரில் நடப்பதும் இதேதான்.

உள்ளறையில் குமார் ஆர்டர் ஃபோல்டரைத் திறந்தால், லெட்சுமி எழுதிய கோப்பெல்லாம் குமார் பெயரில் நிற்கும். பெயர் மட்டும் மாறித் தெரிகிறது என்று விட்டுவிட முடியாது. சர்வரைப் பொறுத்தவரை 1000 கேட்கிறது, 1000க்குச் சொந்தமான கோப்பு, எடுத்துக்கொள். குமார் அதை அழிக்கவும் முடியும், லெட்சுமி தனக்கு மட்டும் என்று பூட்டிவைத்ததைப் படிக்கவும் முடியும்.

இப்படி ஏன் வடிவமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்தது. அன்றைக்கு ஒரு வளாகத்தின் கணினிகள் எல்லாம் ஒரே நிர்வாகியின் கையில் இருந்தன. பயனர் எண்களை அவரே எல்லாக் கணினியிலும் ஒன்றாக வைத்திருப்பார், பயனர் யாருக்கும் ரூட் என்ற முழு நிர்வாக அதிகாரம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளிலும் கணினி தன் பயனரின் யூஐடி, ஜிஐடி இரண்டையும் எழுதி அனுப்பும், சர்வர் அதை அப்படியே நம்பும். கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. 1995இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பும் இப்படித்தான் வேலை செய்கிறது, அது இன்னமும் பரவலாகப் புழங்குகிறது. இன்று ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் அவரே ரூட். நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்த நிலைமை போய்விட்டது, நம்பிக்கை மட்டும் மிச்சம் இருக்கிறது.

விண்டோஸும் மேக்கும் சாதாரணமாகப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற பகிர்வு முறை இதற்கு வேறு மாதிரி. அங்கே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சர்வரிடம் கொடுத்து உள்ளே போக வேண்டும். யார் என்று முடிவு செய்வது சர்வர். கோப்பு சர்வரில் இருக்கும் அந்தப் பயனரின் எண்ணில் எழுதப்படும். மேக்கில் லெட்சுமி 501 ஆக இருப்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

தொல்லை எங்கே வருகிறது என்றால், இரண்டு முறைகளும் ஒரே ஃபோல்டரில் கலக்கும்போது. லெட்சுமி காலையில் மேக்கில் எஸ்எம்பி வழியாக ஒரு பத்திரிகையை வடிவமைத்துச் சேமிக்கிறார். கோப்பு 1026க்குச் சொந்தம். மத்தியானம் முன்மேசைக்கு வந்து என்எஃப்எஸ் வழியாக அதே கோப்பைத் திறந்து தேதியை மாற்றப் பார்க்கிறார். இப்போது அவர் 1000. "பெர்மிஷன் டினைட்." கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன புகார் இதுதான். சர்வர் பழுதாகவில்லை. அதற்குத் தெரிந்த அளவில் வேறொரு ஆள் வந்து கேட்கிறார், அதனால் மறுக்கிறது.

என்எஃப்எஸ் நான்காம் பதிப்பு போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். நான்காம் பதிப்பின் முதல் விவரக்குறிப்பு 2000இல் வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. கோப்பின் உரிமையாளர் யார் என்று சொல்லும்போது எண்ணை விட்டுவிட்டு, பயனர் பெயர், அட் குறி, டொமைன் பெயர் என்று மின்னஞ்சல் முகவரி போன்ற ஒரு வடிவத்தில் சொல்லலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். சர்வர் எண்ணைப் பெயராக்கி அனுப்பும், இந்தப் பக்கக் கணினி அந்தப் பெயரைத் தன் பட்டியலில் தேடித் தன் எண்ணாக மாற்றிக்கொள்ளும். லினக்ஸில் இதற்கான அமைப்புக் கோப்பு ஐடிமேப்டி.கான்ஃப். அதில் டொமைன் என்று ஒரு வரி இருக்கும். சர்வரிலும் கணினியிலும் அந்த வரி ஒன்றாக இருக்க வேண்டும். சினாலஜியிலும் என்எஃப்எஸ் அமைப்பில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. சின்ன அலுவலகங்களில் டொமைன் என்று எதையும் யாரும் வைத்திருப்பதில்லை, அதனால் ஒவ்வொரு கணினியும் தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும். இரண்டும் பொருந்தாவிட்டால் எல்லாக் கோப்பும் நோபடி என்ற பெயரில் தெரியும். ஆள் இல்லாத கணக்கு அது. லினக்ஸில் வழக்கமாக அதன் எண் 65534.

சரி, டொமைனைச் சரிசெய்தாயிற்று. இப்போது பெயர்களும் ஒழுங்காகத் தெரிகின்றன, பத்திரிகைக் கோப்புக்கு நேரே லெட்சுமி என்றே இருக்கிறது. ஆனாலும் எழுத முடியவில்லை! பலர் பொறுமை இழந்து 777க்குத் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். நடப்பது இதுதான்: உரிமையாளர் பெயரைக் காட்டுவதற்கும், உரிமையாளரை மாற்றுவதற்கும் மட்டும்தான் இந்தப் பெயர்ப் பொருத்தம். யார் கேட்கிறார் என்று சர்வர் முடிவு செய்வது ஒவ்வொரு வேண்டுகோளின் தலைப்பில் வரும் அடையாளத்தை வைத்து. கெர்பெரோஸ் (ஆள் யார் என்பதைச் சீட்டு கொடுத்து உறுதிசெய்யும் முறை) போடாத சாதாரண அமைப்பில் அந்த அடையாளம் பழையபடி வெறும் எண்தான். அதை ஐடிமேப் என்ற இந்தப் பெயர்ப் பொருத்தம் தொடுவதே இல்லை. ஆகவே திரையில் தெரியும் பெயர் சரியாக இருப்பதை வைத்து அனுமதியும் சரியாக இருக்கும் என்று நினைக்கக்கூடாது. ஒன்று ஒரு வழியில் வருகிறது, மற்றது வேறு வழியில் வருகிறது.

இதோடு இன்னொரு சிக்கல். அண்மைய லினக்ஸ் கர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி), கெர்பெரோஸ் இல்லாதபோது பெயர் மாற்றமே இயல்பாக அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. நான்காம் பதிப்பிலும் உரிமையாளர் இருக்கும் இடத்தில் எண்ணையே எழுத்தாக்கி அனுப்பிவிடுவார்கள். மேலே சொன்ன குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்தது, என் பார்வையில் நல்ல முடிவுதான். ஆனால் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு ஐடிமேப்டி.கான்ஃபைத் திருத்திக்கொண்டே இருப்பவருக்கு ஏன் எதுவும் மாறவில்லை என்று புரியாது. மாறினாலும் உடனே தெரியாது; பெயர்–எண் விவரத்தைக் கணினி சாதாரணமாகப் பத்து நிமிடம் நினைவில் வைத்திருக்கும். என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளைக்கு -சி கொடுத்து அந்த நினைவைக் காலி செய்த பிறகுதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பெயர்ப் பொருத்தத்தை நம்பிப் போகிறவர்களுக்கு நம் ஊரில் ஒரு தனிச் சிரமமும் உண்டு. லெட்சுமி என்ற பெயரை மலேசியாவில் ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! கடைசி ஆங்கில எழுத்து 'ஐ'யா, 'வை'யா என்பதே ஆளுக்கு ஆள் மாறும். பிறப்புப் பத்திரத்தில் பதிந்தவர் எழுதியதே காலத்துக்கும் நிற்கிறது. முன்மேசையில் ஒரு எழுத்துக்கூட்டு, நாஸில் இன்னொரு எழுத்துக்கூட்டு என்றால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். ஐசியில் இருக்கும் முழுப்பெயரை அப்படியே பயனர் பெயராக்கவும் முடியாது. ஏ/எல், ஏ/பி என்பதில் வரும் சாய்கோட்டை யூனிக்ஸ் பயனர் பெயரில் ஏற்காது. ஐசி எண்ணையே யூஐடியாக வைத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் நடக்காது. ஐசி எண் 12 இலக்கம். லினக்ஸில் யூஐடி 32 பிட், 429 கோடியே சொச்சத்தோடு முடிந்துவிடும், அதாவது பத்து இலக்கம். நுழைந்தாலும் செய்யக்கூடாது, முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். அதை ஒவ்வொரு கோப்பின் மேலும் எழுதி ஒட்டுவானேன்?

ஆகவே என் கருத்து இதுதான்: கெர்பெரோஸ் இல்லாத சிறிய அலுவலகத்தில் பெயர்களைப் பொருத்துவதில் நேரத்தைச் செலவழிக்காமல், எண்களையே எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிட வேண்டும். எந்தக் கருவியின் எண்ணை அடிப்படையாக வைப்பது? மாற்றுவதற்கு எது கஷ்டமோ அதன் எண்ணை. நாஸ் பெட்டியின் பயனர் எண்ணை அதன் அமைப்புத் திரையில் நம் இஷ்டத்துக்கு மாற்ற வழி இருக்காது. லினக்ஸ் கணினியில் யூஸர்மாட் என்ற ஒரே கட்டளை போதும். அப்படியென்றால் நாஸில் லெட்சுமி 1026, குமார் 1027 என்று முதலில் உண்டாக்கிக்கொண்டு, உபுண்டு கணினிகளில் இருவரையும் அதே எண்ணுக்கு மாற்ற வேண்டும். குமார் ஒருபோதும் உட்காராத முன்மேசைக் கணினியிலும் அவருடைய பெயரை 1027 என்று சேர்த்து வைப்பது நல்லது; பட்டியலில் பெயர் சரியாகத் தெரியும், அந்த எண் வேறு யாருக்கும் போகாது. மேக்கில் எண்ணை மாற்ற வேண்டாம். அதில் எஸ்எம்பியே இருக்கட்டும், லெட்சுமி தன் நாஸ் கடவுச்சொல்லோடு நுழைந்தால் அங்கேயும் 1026 ஆகிவிடுவார்.

மாற்றும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். எண்ணை மாற்றப்போகும் பயனர் அந்நேரம் கணினிக்குள் நுழைந்திருக்கக்கூடாது. வேறொரு நிர்வாகக் கணக்கிலிருந்து செய்ய வேண்டும். யூஸர்மாட் அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டரில் உள்ள கோப்புகளைத் தானே புதிய எண்ணுக்கு மாற்றிவிடும். அதற்கு வெளியே இருப்பவற்றை, நாஸில் இருப்பவை உட்பட, நாம்தான் தேடி மாற்ற வேண்டும். குழு எண்ணை மாற்றும் குரூப்மாட் கட்டளை ஒரு கோப்பையும் தொடாது. ஃபைண்ட் கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்துத் தேடி, கிடைப்பதற்கெல்லாம் உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளையைப் போட வேண்டியதுதான்.

இரண்டு பயனர்களின் எண்ணை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. வட்டில் 1000 எல்லாவற்றையும் 1001 ஆக்கிவிட்டு, பிறகு 1001ஐ 1000 ஆக்கினால், முதல் அடியிலேயே இருவர் கோப்புகளும் ஒரே எண்ணுக்குள் கலந்துபோகும். அதற்கப்புறம் எது யாருடையது என்று எந்தக் கட்டளையாலும் பிரிக்க முடியாது. முதலில் ஒருவரை யாரும் பயன்படுத்தாத எண்ணுக்கு, 9001 என்று வைத்துக்கொள்ளுங்கள், தள்ளிவைத்து, மற்றவரை அவருடைய இடத்துக்குக் கொண்டுவந்து, கடைசியில் 9001ஐ உரிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். அச்சகத்தில் லெட்சுமியும் குமாரும் ஆரம்பத்திலிருந்தே 1000 ஆக நாஸில் எழுதியிருந்தால் இன்னும் மோசம், அவை ஏற்கெனவே கலந்துவிட்டவை. அவற்றை ஃபோல்டர் ஃபோல்டராக உட்கார்ந்து, அந்த இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரிக்க முடியும். இதனால்தான் பெட்டி வாங்கிய அன்றே எண்களை முடிவு செய்யுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

வேலையை விட்டுப் போகிறவர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் புதுப் பயனருக்கு எண் கொடுக்கும்போது, இருக்கிற எண்களில் பெரியதற்கு அடுத்ததை எடுப்பது இயல்பு. கடைசியாகச் சேர்ந்தவர் போனதும் அவருடைய கணக்கை நீக்கிவிட்டால், அடுத்து வருபவருக்கு அதே எண் கிடைக்கும். போனவருடைய கோப்பெல்லாம் வந்தவருக்குச் சொந்தமாகிவிடும், யாருக்கும் தெரியாமல். கணக்கை நீக்காமல் பூட்டிவைத்தால் இந்தப் பிரச்சினை எழாது. எந்த எண் யாருக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். ஆள் போனாலும் அந்த வரியை அடிக்க வேண்டாம்.

எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் ஃபோல்டருக்குக் குழுவைப் பயன்படுத்த வேண்டும், 777ஐ நாடுபவர்கள் உண்மையில் தேடுவது அதைத்தான். ஆர்டர் என்று ஒரு குழு, எல்லாக் கணினியிலும் ஒரே ஜிஐடி. ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, அனுமதியை 2770 என்று வைத்தால், உள்ளே உண்டாகும் ஒவ்வொரு கோப்பும் தானாக அந்தக் குழுவுக்குப் போகும். குழுவில் இல்லாதவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. லினக்ஸ் கணினிகளில் யூமாஸ்க், அதாவது புதுக் கோப்புக்கு எந்த அனுமதிகளை எடுத்துவிடுவது என்ற அமைப்பு, 007 ஆக இருக்க வேண்டும்; 022 ஆக இருந்தால் குழுவினர் படிக்கலாம், திருத்த முடியாது. சம்பள ஃபோல்டருக்கு வேறு குழு, அதில் முதலாளியும் குமாரும் மட்டும்.

என்எஃப்எஸ் சர்வரில் ஸ்குவாஷ் என்று சில தேர்வுகள் இருக்கும். வருகிற எண்ணை வேறொரு எண்ணாக மாற்றுவதுதான் அதன் வேலை. லினக்ஸ் சர்வரில் ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே உண்டு; ரூட்டாக, அதாவது 0 என்ற எண்ணில், வருபவரை நோபடி ஆக்கிவிடும். அனைவரையும் ஒரே எண்ணாக்குவது ஆல் ஸ்குவாஷ். ஸ்கேனரிலிருந்து வந்து விழும் படங்கள், எழுத்துருக்கள், பத்திரிகை மாதிரிகள் போன்ற பொது ஃபோல்டருக்கு அது மிகவும் வசதி. சம்பளக் கணக்குக்கு அதைப் போட்டால் பொருத்தமே இல்லாமல் எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். எஸ்எம்பி பக்கம், லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வைத் தரும் சாம்பா நிரலில் ஃபோர்ஸ் யூஸர், ஃபோர்ஸ் குரூப் என்ற வரிகளும் இப்படிப்பட்டவையே. அதற்கும் இதே கணக்கு.

ரூட் ஸ்குவாஷ் இருக்கிறது, ஆகவே பாதுகாப்பு என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தன் மடிக்கணினியில் ரூட்டாக இருப்பவர் யாரும் 1026 என்ற எண்ணில் ஒரு பயனரை உண்டாக்கிக்கொண்டு, அந்தப் பயனராக வந்து கேட்கலாம். சர்வருக்கு அவர் லெட்சுமிதான். அவரிடம் லெட்சுமியின் கடவுச்சொல்லை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே என்எஃப்எஸ் அனுமதியை இன்ன இன்ன ஐபி முகவரிக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டும். ஆர்டர் கொடுக்க வந்து காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் வைஃபையும் சர்வர் இருக்கும் நெட்வொர்க்கும் ஒன்றாக இருக்கவே கூடாது. பல கடைகளில் ஒரே ரவுட்டர், ஒரே வைஃபை, சுவரில் ஒட்டிய ஒரே கடவுச்சொல். கெஸ்ட் வைஃபை என்ற வசதி இன்று பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கிறது. அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய இடம், கணினிகள் இருபதைத் தாண்டுகின்றன, பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கிறார்கள் என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொருவருக்கும் எஸ்ஐடி உண்டு. லினக்ஸ் சர்வரில் சாம்பாவின் வின்பைண்ட் அதை யூஐடியாக மாற்றும். மாற்றும் முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பின்னால் வரும் நிம்மதி இருக்கிறது. டிடிபி என்ற முறை, வருகிறவருக்கு வருகிற வரிசையில் எண் கொடுத்துத் தன்னிடம் எழுதிவைத்துக்கொள்ளும். இரண்டு சர்வர் இருந்தால் இரண்டிலும் வரிசை வேறு, எண்ணும் வேறு. அந்தக் கோப்பு அழிந்தால் யார் எந்த எண் என்ற கணக்கே போய்விடும். ஆர்ஐடி என்ற முறையில் எஸ்ஐடியின் கடைசிப் பகுதியோடு நாம் குறித்த தொடக்க எண்ணைக் கூட்டுவார்கள். தொடக்கம் 10000, கடைசிப் பகுதி 1105 என்றால் யூஐடி 11105. எத்தனை சர்வர் வைத்தாலும், தொடக்க எண் ஒன்றாக இருக்கும்வரை, விடை ஒன்றே. டைரக்டரியிலேயே ஒவ்வொருவருக்கும் யூஐடியை எழுதிவைத்துப் படிக்கும் ஏடி முறையும் உண்டு; எழுதிவைக்க ஆள் வேண்டும். பராமரிக்க ஆளில்லாத ஊருக்கு ஆர்ஐடிதான் என் சிபாரிசு. ஒருமுறை குறித்த எண் வரம்பை அப்புறம் மாற்றவே கூடாது. ஒரு கணினியில் வின்பைண்ட், இன்னொன்றில் அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ்எஸ்டி என்று கலக்கவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு கணக்குப் போட்டு வேறு வேறு எண் தரும்.

இப்படிப்பட்ட இடங்களில்தான் கெர்பெரோஸ் பொருந்தும். அதில் கணினி சொல்லும் எண்ணை சர்வர் நம்பாது. பயனர் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கும், அதிலுள்ள பெயரைத் தானே எண்ணாக மாற்றும். அப்போதுதான் ஐடிமேப்புக்கு முழு வேலை. ஒரே ஒரு நிபந்தனை, எல்லாக் கணினியின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் சீட்டு செல்லாது. சாயந்தரம் இடி மழையில் மின்சாரம் போய் வரும் ஊரில், மதர்போர்டு பேட்டரி செத்த பழைய கணினி வருஷத்தையே மறந்து எழுந்திருக்கும். பேட்டரி சில வெள்ளிதான். கெர்பெரோஸ் போடும் முன் அதை மாற்றிவிட்டு, நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி வையுங்கள்.

நிறையக் குழுக்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: கெர்பெரோஸ் இல்லாத என்எஃப்எஸ் வேண்டுகோளில் 16 துணைக் குழுக்களுக்கு மேல் இடம் கிடையாது. பதினேழாவது குழுவால் கிடைத்த அனுமதி சத்தமில்லாமல் விடுபட்டுப் போகலாம். லினக்ஸ் சர்வரில் என்எஃப்எஸ்ஸின் துணை நிரலான மவுன்ட்டிக்கு மேனேஜ்-ஜிட்ஸ் என்ற தேர்வைக் கொடுத்தால் குழு விவரத்தை சர்வர் தானே பார்த்துக்கொள்ளும்.

நகல் எடுக்கும்போதும் எண் விஷயம் வரும். நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை இயல்பாகப் பெயரை வைத்துப் பொருத்தும், பெயர் கிடைக்காவிட்டால் எண்ணை வைக்கும். எண்ணை அப்படியே காப்பாற்ற வேண்டுமானால் நியூமெரிக்-ஐடிஸ் என்ற தேர்வைக் கொடுக்க வேண்டும். நாஸ் செத்துப் புதுப் பெட்டி வாங்கித் திரும்ப ஏற்றும் நாளில் எண்களை எழுதிவைத்த அந்த நோட்டும் இந்தத் தேர்வும்தான் கைகொடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. எல்எஸ் கட்டளையில் -எல் போட்டால் பெயர் வரும், -என் போட்டால் எண் வரும். சோதனைக்கு -என் மட்டும்தான். லெட்சுமியாக முன்மேசையில் நுழைந்து நாஸில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்குங்கள், மேக்கிலிருந்து இன்னொன்று. நாஸுக்குள்ளேயே நுழைந்து இரண்டின் எண்ணையும் பாருங்கள். இரண்டும் 1026, குழுவும் ஒன்று என்றால் முன்மேசையில் உண்டாக்கியதை மேக்கில் திருத்திச் சேமித்துப் பாருங்கள், பிறகு மாற்றியும் பாருங்கள். அப்புறம் பழைய 777 அனுமதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குமாராக நுழைந்து, சம்பள ஃபோல்டர் திறக்கிறதா, லெட்சுமியின் சொந்த ஃபோல்டர் மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுக்க வேண்டியது மறுக்கிறதா என்ற இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலரும் செய்யாமல் விடுகிறார்கள்.